சன்னல்கள் மூடியிருந்த குளிர்காலம்

அக்டோபர் 9

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கறுப்புக் கோட்டும் அதற்குள் போய்விட்டது. பிப்ரவரி முதல் தேதி ஆஸ்திரியாவில், க்ராட்ஸில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர வேண்டும். முன்னாலேயே அங்கே போய்விட்ட என் ஒக்னியென் இருவருக்குமாக ஒரு வீடு பார்த்துவிட்டான். சமையலறை கிழக்கு பார்த்ததாம்.

பிப்ரவரிக்கு இப்போதே யார் பெட்டி கட்டுவார்கள்? நான் கட்டுவேன். கட்டிய பெட்டி ஒன்று அறையில் இருந்தால் போய்விடுவோம் என்று நம்ப முடிகிறது.

கோட்டு இல்லாமல் கொதிகலன் கூடத்துக்குப் போனேன். அடுப்பு பார்க்கும் மிலிசாவ் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஞ்சு வைத்த தன் பழைய நீல வேலைச் சட்டையைக் கழற்றி நீட்டினார். தோளில் மசூத் நாற்றம். போன வசந்தம் வரை இந்தப் பல்கலைக்கழக வளாகம் முழுவதையும் சூடாக்கியது அந்தக் கருங்குழம்பு எண்ணெய்தான். எண்ணெய்த் தொட்டிகளைக் கோடையில் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். நாற்றம் மட்டும் சட்டையில் மிச்சம்.

அக்டோபர் 15

நாடு முழுக்கக் கட்டடங்களுக்குச் சூடு விடத் தொடங்கும் நாள் இன்றுதான். வெயில் அடித்தாலும் இன்றுதான்.

மரச்சில்லில் எரியும் புதிய கொதிகலனைத் துணைவேந்தர் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். பொத்தானில் கம்பி எதுவும் கிடையாது. விடியற்காலையிலேயே மிலிசாவும் நானும் பற்றவைத்துவிட்டோம். படம் எடுத்தார்கள். பேராசிரியர் வுக்காஷின் என் தோளில் கைவைத்து, இது உன்னால் ஆனது என்றார். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கொதிகலன் எவ்வளவு பெரிது என்று தீர்மானித்தவரும் அவர்தான்.

ஆஸ்திரியாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கியவள் நான் ஒருத்திதான். உரிமம் உள்ளவர் இல்லாமல் இதை எரிக்கக் கூடாது, சட்டம். சோதனைக் குழு வந்து ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகு, கொதிகலனைச் செய்தவர்களே இரண்டு ஆட்களை அனுப்பிப் பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள். அதுவரை நான். அதுவரை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜனவரியில் குழு வரும் என்கிறார்கள்.

ஜனவரி. பிறகு பிப்ரவரி. சரியாக இருக்கிறது.

அக்டோபர் 16

எரிகிறது.

அக்டோபர் 30

எரியவில்லை. புகைகிறது.

விறகு ஈரமென்று உலர்ந்த சில்லு வரவழைத்தோம். அப்படியும் புகைகிறது. நெருப்பு பெரிதாக எழும்பும், தண்ணீர் உடனே சூடாகிவிடும், கொதிகலன் தானாகவே நெருப்பை அடக்கிக்கொள்ளும். அடங்கிய நெருப்பு கனன்று மஞ்சளாகப் புகையும். புகைபோக்கியின் உட்சுவரில் தார் வழிகிறது. இவ்வளவு பெரிய அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தால்தான் சுத்தமாக எரியும்.

ஆஸ்திரியாவில் செய்த கொதிகலன் என்பதால் மிலிசாவ் இதை 'ஆஸ்திரியாக்காரி' என்கிறார். இன்று தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "என்ன இன்ஜினியரம்மா, மாமியார் வீட்டுக்கு வந்த மொத நாள் மாதிரி கொறிக்கிறா? வயிறு நிறைய சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 8

அளவுமானிகளை மாற்றினேன். குழாய் எங்காவது அடைத்திருக்கிறதா என்று வளாகத்தின் அடியில் உள்ள சுரங்கம் முழுவதும் தவழ்ந்து பார்த்தேன். அடைப்பு இல்லை. விடுதிகள் கேட்கும் சூடு, கேட்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

பேராசிரியர் சிரிக்கிறார். இலையுதிர் காலம் இந்த ஆண்டு கதகதப்பு, குளிர் வரட்டும் என்கிறார்.

குளிருக்காகக் காத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் முதல்முறை.

நவம்பர் 21

குளிர் வந்தது. புகையும் நிற்கவில்லை.

தார் சுரண்டும் கம்பி வாங்க ஊருக்குள் போய்ப் பேருந்தில் திரும்பினேன். பாலத்தைத் தாண்டியதும் மாணவர் விடுதி முழுமுகமாகத் தெரியும். தினம் பார்ப்பதுதான். இன்று ஏதோ குறைகிறது. என்ன என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். பேருந்து வளைவில் திரும்பும்போது புரிந்தது.

பைகள்.

சன்னல்களில் பைகள் இல்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் அந்தச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள் தொங்கும். பால், பாலாடைக்கட்டி, ஊரிலிருந்து அம்மாக்கள் கொடுத்தனுப்பிய புகையிட்ட இறைச்சி. சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். கைப்பிடியில் பை தொங்கும். விடுதியில் குளிர்ப்பெட்டி என்றால் அதுதான்.

இன்று எல்லாச் சன்னல்களும் மூடியிருந்தன. படிக்க வந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அந்தக் கட்டடத்தைக் குளிர்காலத்தில் மூடிய சன்னல்களோடு பார்த்ததே இல்லை.

நவம்பர் 22

தூக்கமில்லை. எளிய கணக்கு. ஒரு குழந்தைகூடப் போட்டிருக்கும்.

அந்த விடுதியில் நானும் நாலு வருஷம் இருந்தேன். ரேடியேட்டர் தொட முடியாதபடி கொதிக்கும். அதைக் குறைக்க வழி கிடையாது, திருகு ஒன்றும் இருக்காது. சூடு தாங்கவில்லையா, சன்னலைத் திற. ஒரு சன்னல் மட்டும். அந்த நேரம் பார்த்து யாராவது கதவையும் திறந்துவிட்டால் நான்கு பேரும் ஒரே குரலில் கத்துவோம். ஊடுகாற்று அடித்தால் வாய் கோணிக்கொள்ளும் என்று இங்கே எல்லாருக்கும் பயம். இப்படித்தான் இருந்தோம். பனி கொட்டும், சன்னல் திறந்திருக்கும், நாங்கள் அரைக்கைச் சட்டையோடு படிப்போம்.

புதிய கொதிகலனோடு ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் எண் போட்ட வெள்ளைக் குமிழ் ஒன்று வந்தது. திருகினால் சூடு குறையும். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகள் குமிழைத் திருகிவிட்டுச் சன்னலை மூடிக்கொண்டார்கள்.

பேராசிரியரோ கடந்த பத்துக் குளிர்காலங்களில் எரிந்த மசூத்தை எடுத்துக்கொண்டு, இவ்வளவு சூடு வேண்டும் என்று கொதிகலனின் அளவைப் போட்டார். அந்த மசூத்தில் பாதி ஆகாயத்தைச் சூடாக்கியிருக்கிறது. எங்களில் ஒருவர்கூடச் சன்னலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சன்னல் திறந்திருப்பதை யாராவது பார்த்தால்தானே சேர்ப்பதற்கு?

இரு மடங்கு பெரிய அடுப்பு. பொருந்தாத வீடு. நடுவில் நான்.

மாலையில் விடுதி மூன்றாம் மாடிக்குப் போய்ச் சும்மா ஒரு கதவைத் தட்டினேன். கடற்கரை ஊரிலிருந்து வந்து முதலாண்டு படிக்கும் பெண், பெயர் அன்ஜெலியா. சன்னல் மேடையில் தொட்டியில் எலுமிச்சைச் செடி, முழங்கை உயரம். அவள் அப்பா கொடுத்தனுப்பியதாம். சன்னலைத் திறப்பதுண்டா என்று கேட்டேன். என்னை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"மூணுல வெச்சா நல்லா இருக்குக்கா. எதுக்குத் திறக்கணும்? செடி செத்துடும்."

டிசம்பர் 4

ஒக்னியென் பேசினான். மேசை வாங்கிவிட்டானாம், என் பக்கம் இழுப்பறை உள்ளதாக. குழு எப்போது என்று கேட்டான். ஜனவரி இருபது என்றேன். புகை நின்றுவிட்டதா என்றான்.

நின்றுவிடும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

இந்நிலையில் குழு இதை ஏற்காது. ஏற்காவிட்டால் நான் போக முடியாது. மீறிப் போனால் அடுப்பை அணைக்க வேண்டும். தொட்டிகளும் இல்லை, பழைய எண்ணெயும் இல்லை. எண்ணூறு பிள்ளைகள் குளிரில். கதவில் பூட்டே இல்லாத சிறை இது. யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை.

டிசம்பர் 19

புனித நிக்கோலா. பேராசிரியர் வீட்டுக் காவல் புனிதரின் நாள். அழைப்பு கிடையாது, போகிறவர்கள் போகிறோம். வாசலிலேயே வேகவைத்த கோதுமை, ஒரு கரண்டி. நோன்புக் காலம், அதனால் மேசை முழுக்க மீன். இன்று சொல்லிவிடுவது என்று போனேன். ஆனால் இந்த நாளில் வந்த வீட்டில் கெட்ட செய்தியை யார் வாயைத் திறந்து சொல்வது? மூன்று வகை மீன் தின்றேன். அவருடைய மனைவி நான் இளைத்துவிட்டேன் என்று நாலாவதையும் வைத்தாள்.

பேராசிரியரே என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். காற்று வரக் கூடாதென்று கதவைச் சாத்தினார்.

"சன்னல்தானே?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நவம்பரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாராம். எனக்குச் சொல்லவில்லை. நானும்தான் அவருக்குச் சொல்லவில்லை.

"குழுக்காரங்க மூணு நாள் ஓட்டிப் பாப்பாங்க. அந்த மூணு நாளைக்குக் குமிழையெல்லாம் கழட்டிடு. சூடு தாங்காம பிள்ளைங்களே சன்னலைத் திறந்துடுவாங்க. உன் அடுப்பு வயிறார எரியும்."

அது ஏமாற்றுவது இல்லையா என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"என்னத்த ஏமாத்து? நாம வாழ்ந்த விதமே அதுதானேடா. நீயும் திறந்து வெச்சுட்டுத்தானே படிச்ச." பிறகு, என் தட்டைப் பார்த்தபடி, "பிப்ரவரி ஒண்ணாந்தேதி நீ க்ராட்ஸ்ல இருப்ப. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். உண்மை. மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 7

எங்கள் பழைய நாட்காட்டியின்படி இன்று கிறிஸ்துமஸ். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கனலை விட்டுவிட்டு எங்கே போவது? மிலிசாவ் வீட்டிலிருந்து சுட்ட பன்றியிறைச்சியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். இருவரும் சாம்பல் வாரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்துத் தின்றோம். மிலிசாவ் ஒரு துண்டை அடுப்புக் கதவுக்கு முன்னால் வைத்தார். "அவளும் வீட்டு ஆள்தானே" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நிற்கவில்லை, முகம் நனைந்துவிட்டது. அவர் வெளியே போய்ச் சில்லுக் குவியலைக் கிளறுவதுபோல் கிளறிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 19

குமிழ்களைக் கழற்றியாயிற்று. பழுது பார்க்க என்று விடுதிக் காப்பாளர் அம்மாள் மாணவர்களிடம் சொன்னாள். உருளைக்கிழங்குச் சாக்குகளில் போட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். கழற்றியதில் பாதி என் கையால்.

அன்ஜெலியா அறையில் நான் கழற்றவில்லை. வேறு யாரோ கழற்றிவிட்டார்கள்.

ஜனவரி 20

குழு வந்துவிட்டது. பெல்கிரேடிலிருந்து மூன்று பேர். தலைவர் வயதானவர், குல்லாயை உள்ளேயும் கழற்றுவதில்லை.

வெளியே பனிமூட்டம், உறைகுளிருக்குச் சற்று மேலே. மதியத்துக்குள் அறைகள் அடுப்பாகிவிட்டன. நாலு மணிக்குள் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொதிகலன் முழங்கி எரிந்தது. புகைபோக்கியிலிருந்து ஒன்றும் வரவில்லை, கண்ணாடி போன்ற ஒரு நடுக்கம் மட்டும். அக்டோபரிலிருந்து நான் பார்க்க ஏங்கிய நெருப்பு. அழகாக இருந்தது. இப்படித்தானா இருக்கும் என்று நின்று பார்த்தேன்.

"ஆஸ்திரியாக்காரி சாப்பிட ஆரம்பிச்சுட்டா" என்றார் மிலிசாவ்.

ஜனவரி 21

குழுவுக்கு ஆட்டிறைச்சி விருந்து. பேராசிரியர் எனக்கு ஊற்றிக்கொடுத்து, க்ராட்ஸில் நல்ல பழப்பிராந்தி கிடைக்காது, கொண்டுபோ என்றார்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 22

இன்றைக்கு என்ன செய்தேன் என்று வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

காலையில் விடுதிக்குப் போனேன். சுவரில் பைகள் மறுபடி தொங்கின. பழைய ஊர் திரும்பி வந்துவிட்ட மாதிரி. படிக்கட்டுக்கு அடியில் காப்பாளர் அம்மாள் சாக்குகளின் வாயை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் திருப்பி மாட்ட வேண்டுமே, ஏன் கட்டுகிறீர்கள் என்றேன்.

"எதுக்கு மாட்டணும்? சன்னல் தொறந்திருந்தாத்தான் உன் எந்திரத்துக்கு நல்லதாமே. பேராசிரியரே சொல்லிட்டாரு. இனிமே இப்படியே இருக்கட்டும்மா. அதுங்க குமிழை ஒடைக்கிற தொல்லையாவது இல்ல."

மேலே ஏறினேன். மூன்றாம் மாடி. அன்ஜெலியா கோட்டும் குல்லாயும் போட்டுக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். அறைத்தோழிகள் இருவர் சூடு தாங்காமல் சன்னலைத் திறந்துவைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். மூடினால் வேகிறது, திறந்தால் செடிமேல் பனிக்காற்று. செடியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கீழே ஐந்தாறு இலைகள் உதிர்ந்து கிடந்தன.

"எப்ப வரைக்கும்க்கா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தேதி தெரிந்தால் சமாளித்துக்கொள்வேன் என்பதுபோல் கேட்டாள்.

நாளை மறுநாள் வரைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். நாளை மறுநாள் இல்லை. நான் க்ராட்ஸில் கிழக்கு பார்த்த சமையலறையில் உட்கார்ந்திருப்பேன், இங்கே இவர்கள் ஓர் அடுப்பு நன்றாக எரிய வேண்டும் என்பதற்காகச் சன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் குளிருக்கு மட்டும் இல்லை. அடுத்ததற்கும். அதற்கடுத்ததற்கும். அடைபட்டிருப்பது நான் ஒருத்தி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே போனேன். சாக்கை அவிழ்த்தேன். அந்த அம்மாள் ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. முதல் குமிழை அன்ஜெலியா அறையில் திருகினேன். அடுத்த அறையில் ஒரு பையன் எட்டிப்பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கைநீட்டினான். பிறகு அவர்களே சாக்கைத் தூக்கிப் போய்விட்டார்கள். தாழ்வாரம் முழுக்கத் திருகும் சத்தம். பிறகு சன்னல்கள் மூடும் சத்தம், மாடி மாடியாக.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: என்னடி பண்ணிட்ட. என்ன பண்ணிட்ட நீ.

ஜனவரி 23

விடியும்போதே கனல் அடங்கிவிட்டது. பனிமூட்டத்தில் புகை மேலே போக வழியில்லாமல் வளாகத்தின் மேலேயே மஞ்சளாக உட்கார்ந்துகொண்டது. குழுத் தலைவர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு வந்தார். பேராசிரியர் அவருக்குப் பின்னால்.

நேற்றுவரை நன்றாக எரிந்ததே, என்ன மாற்றினீர்கள் என்று தலைவர் கேட்டார்.

"சன்னலை மூடினோம்" என்றேன்.

"அதனாலயா?"

"அதனாலதான்."

அவர் விடுதியைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். குல்லாயைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்போ இது இந்த வீட்டுக்கான அடுப்பே இல்லையேம்மா" என்றார். அவ்வளவுதான். ஏற்கவில்லை. மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

பேராசிரியர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கூடம் காலியான பிறகு, "உன் கையாலயே பூட்டிக்கிட்டியேடா" என்றார்.

ஜனவரி 25

ஒக்னியெனிடம் சொன்னேன். பின்னால் அங்கே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. "உனக்கு வர இஷ்டம் இருந்துச்சா, சொல்லு" என்றான். இருந்தது. இருந்ததே. அதை எப்படி நிரூபிப்பது? பெட்டியைக் காட்டவா?

பிப்ரவரி 1

க்ராட்ஸில் இன்று காலை யாரோ என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். இங்கே மைனஸ் பதினான்கு. சன்னல்கள் மூடியே இருந்தன. இந்தக் கடுங்குளிரில் கொதிகலனுக்கு அடங்க வேண்டியிருக்கவில்லை, புகையில்லாமல் எரிந்தது.

மார்ச் 3

கடுங்குளிர் முடிந்தது. மறுபடி புகை. தார் சுரண்டுகிறேன். மிலிசாவின் சட்டையில் இப்போது மசூத்தை மிஞ்சி மரப்புகை நாறுகிறது.

ஒவ்வொரு நாளும் விடுதிகள் எவ்வளவு சூடு கேட்கின்றன என்று அளந்து வைக்கிறேன். சன்னல் மூடிய வீடு எவ்வளவு கேட்கும் என்று இந்த வளாகத்தில் யாருக்கும் இதுவரை தெரியாது.

பேராசிரியர் இன்று கூடத்துக்கு வந்தார். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க அளந்ததைக் கொடுங்க" என்றார். நீங்க. எட்டு வருடமாக அவர் வாயில் நான் 'டா'. கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார்.

ஏப்ரல் 15

சூடு விடும் காலம் முடிந்தது, அணைத்தோம். நெருப்பும் இல்லை, இருந்தும் போக முடியாது. ஏற்பு முடியவில்லையே. ஒக்னியென் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டான். சமையலறை எந்தப் பக்கம் பார்த்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11

மூடிப்போன மேசை நாற்காலித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சின்னக் கொதிகலன் ஒன்று வந்து இறங்கியது. பெரியதன் பக்கத்தில் வைத்தோம். மிலிசாவ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி நல்லா சாப்பிடுவா போலிருக்கு" என்றார். அளவு என்னுடைய அளவுகளிலிருந்து போட்டது. கணக்குப் போட்டவர் பேராசிரியர். கணக்குத் தாளின் கீழே எங்கள் இரண்டு பெயர்களும் இருந்தன.

அக்டோபர் 15

துணைவேந்தர் வரவில்லை. பொத்தானும் இல்லை. மிலிசாவ் தீக்குச்சி கிழித்தார். சின்னது பிடித்துக்கொண்டது. பெரியது கடுங்குளிருக்காகத் தூங்குகிறது.

அக்டோபர் 29

அதே குல்லாய்க்காரர். மூன்று நாள். இந்தத் தடவை நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எதையும் கழற்றவில்லை. கடைசி நாள் விடுதிக்கு எதிரே போய் நின்று சன்னல்களை அவரே ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாம் மாடியில் ஒன்றின் பின்னால் பச்சையாக ஏதோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "என்ன அது?" என்றார். எலுமிச்சை என்றேன். போய்க் கையெழுத்துப் போட்டார்.

இன்றோடு நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நவம்பர் 2

கொதிகலனைச் செய்தவர்கள் அனுப்பிய ஆட்கள் இருவர் வந்துவிட்டார்கள். சின்னதைப் புரிந்துகொண்டார்கள். பெரியதை எழுப்ப ஜனவரிக் குளிர் வர வேண்டும், அப்போது அதைத் தெரிந்தவர் ஒருவர் உடனிருந்தால் நல்லது என்றார்கள். கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்கள்.

இரவு ஒக்னியென் கூப்பிட்டான். எப்போது வருகிறாய் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. அங்கே குளிரா என்று கேட்கிறான். ஆரம்பித்துவிட்டது என்றேன்.

நவம்பர் 3

மிலிசாவிடம் அவருடைய நீலச் சட்டையைத் துவைத்துக் கொடுத்தேன். மடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ கிளம்பியாச்சா, இன்ஜினியரம்மா?"

என்னிடம் கோட்டு இருக்கிறது என்றேன்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கோட்டு ஓராண்டாக மடிந்த இடத்திலேயே வெளுத்திருந்தது. உதறி, ஜனவரிக் குளிருக்குக் கைக்கெட்டும்படி கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். மற்றதையும் எடுத்து அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றினேன். ரேடியேட்டர் குமிழ் மூன்றில் இருந்தது. சன்னல் மூடியிருந்தது. எழுந்து போய்க் கொஞ்சம் திறந்தேன், காற்றுக்காக. பிறகு மூடினேன்.